டாங்கி மூடி

11.10.1943, திங்கள்

புல்லு வெட்டும் மெசின் இன்றைக்கு என்னை ஒரு மனிதனாகவே மதிக்கவில்லை. காலையில் துரைமாரின் விளையாட்டுத் திடலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். முதல் இழுவையிலேயே ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிடம் நன்றாக வெட்டியது. பிறகு இருமிவிட்டு நின்றது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு கழன்றதுதான் மிச்சம். பெற்றோல் இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திறந்து பார்த்தேன். முக்கால்வாசி கிடந்தது. மூடிவிட்டு இழுத்தால் உடனே ஸ்டார்ட்! கொஞ்ச நேரத்தில் மறுபடி செத்தது.

சனிக்கிழமை கப்பல் துரைமாரோடு கிரிக்கெட்டாம். துறைமுகம் நிறையப் போர்க்கப்பல் நிற்கிறது, எங்கள் முகாம் துரைக்குப் புல்லின் உயரம்தான் கவலை. கிளாக்கர் பாக்கியரத்தினம் வந்து சொன்னார்: "கனகசுந்தரம், சனிக்கு முந்தி வெட்டி முடியாட்டி உம்மட வேலை போகுமாம்."

12.10, செவ்வாய்

பிளக்கை மாற்றினேன். பலன் இல்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். அதிலும் பலன் இல்லை. இத்தனை வருடம் எஞ்சினோடு மாரடித்தவனுக்கு இது ஒரு சோதனையா?

13.10, புதன்

வேறு முகாமில் லொறி ஓட்டும் சிவபாதம் வந்திருந்தான். அவனிடம் ஒரு போத்தல் பெற்றோல் வாங்கி டாங்கியில் ஊற்றினேன். ஓடியது! கொஞ்ச நேரத்தில் மழை வந்ததால் நான்தான் நிறுத்தினேன். சிவபாதம் சொன்னான், "உங்கட ஸ்டோர் பெற்றோல்ல தண்ணி கலக்கிறாங்கள் போல."

எங்கள் ஸ்டோரில் பெற்றோல் அளந்து தருபவன் அபூதாஹிர். போன வருடம் குண்டு விழுந்தபோது ஒரே பதுங்குகுழிக்குள் என்னோடு கிடந்தவன். அவனா? ஆனால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

14.10, வியாழன்

மெசின் ஏன் நிற்கிறது என்று துரை கேட்டார். ஸ்டோர் பெற்றோலில் தண்ணீர் என்று சொல்லிவிட்டேன்.

பத்து மணிக்கு அபூதாஹிரின் முகாம் பாஸைப் பறித்து வாசலுக்கு வெளியே விட்டார்கள். போகும்போது என்னிடம் வந்தான். "மச்சான், என்ட கையால அளந்த பெற்றோல். நான் தண்ணி கலப்பனா? நீயே சொல்லு."

"மெசின் பொய் சொல்லாது" என்றேன். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

15.10, வெள்ளி

டாங்கியைக் காலி செய்து, வெளியிலிருந்து வந்த புதுப் பெற்றோலை நிரப்பினேன். மூன்றாவது சுற்றில் நின்றது. கோபத்தில் மெசினை உதைத்தேன், கால்தான் நொந்தது.

பெற்றோல் வரும் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. டாங்கி நிறைய இருந்தும் ஏன் வரவில்லை? மூடியைத் திறந்தேன். உஸ் என்று காற்று உள்ளே போனது, குழாய் வழியே பெற்றோல் என் கால் மேலே கொட்டியது.

மூடியின் நடுவில் காற்றுப் போக ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. அது தெரியவே இல்லை. அதன் மேலே சந்தனமும் குங்குமமும்.

என்ர கைதான். போன கிழமை ஆயுத பூசைக்கு முகாமில் உள்ள எல்லா எஞ்சினுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். லொறிகளுக்கு முன் தகட்டில் வைத்தேன். இந்தச் சனியனுக்கு நெற்றி மாதிரித் தெரிந்தது டாங்கி மூடிதான். பெருவிரலால் அழுத்தித் தடிப்பாக வைத்தேன், காய்ந்து சீமெந்தாகிவிட்டது. மூடியை ஒவ்வொரு முறை திறந்தபோதும் காற்றுப் போனதால்தான் ஓடியது, பெற்றோலை மாற்றியதால் இல்லை. அட மடையா!

கம்பியால் குத்தித் துளையைத் திறந்தேன். திடல் முழுவதையும் நிற்காமல் வெட்டியது. அதன் பின்னால் நடக்க நடக்க அழுகை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

16.10, சனி

துரை தோளில் தட்டிப் பாராட்டினார். வீட்டில் மனைவி இரத்தினேஸ்வரியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "இஞ்சாருங்கோ, பேசாம இருங்கோ. உங்கட பாஸையும் பறிச்சா நாங்கள் என்ன செய்யிறது?" என்றாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டேன்.

17.10, ஞாயிறு

கிண்ணியாவில் அபூதாஹிர் வீட்டுக்கு என்று வெளிக்கிட்டு, துறைவரை போய், வள்ளம் ஏறாமல் திரும்பி வந்தேன். கோழைப் பயல் நான்.

18.10, திங்கள்

மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு துரையிடம் போனேன். கிளாக்கர் இங்கிலீசில் எடுத்துச் சொல்ல, துரை முகம் சிவக்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அந்த ஆள் இப்போது எங்கே என்று கேட்டார். அபூதாஹிருக்குப் பாஸ் திரும்பக் கிடைக்கும். நான் இனி லொறி எஞ்சினில் கைவைக்கக் கூடாதாம், புல்லு மெசின் மட்டும்தானாம். வலிக்கிறது. ஆனாலும் நேற்றைவிட மூச்சு விட முடிகிறது.

19.10, செவ்வாய்

கிண்ணியா. அவன் மனைவி அசனா வாசலில் நின்றாள். "விறகு வெட்டப் போயிட்டாரு" என்று மட்டும் சொன்னாள். மத்தியானம்வரை காத்திருந்தேன். அவன் வந்ததும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"சந்தனமா?" என்றான்.

"ஓம்."

கோடரியைச் சுவரில் சாத்திவிட்டு நெடுநேரம் கை கழுவினான். "அஞ்சு நாளா இஞ்ச என்னக் கள்ளன் எண்டு கதைக்கிறாங்க. அவங்க எல்லாருக்கிட்டயும் நீ போய்ச் சொல்லுவியா?"

தேத்தண்ணி தந்தார்கள். குடித்தேன்.

25.10, திங்கள்

அபூதாஹிர் இன்று ஸ்டோருக்கு வந்துவிட்டான். பெற்றோல் எடுக்கப் போனேன். என் பங்கை அளந்தான். அதிலிருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, வெயிலுக்கு நேரே பிடித்து, என் முகத்துக்கு முன்னால் நீட்டினான்.

"பாருங்க. தண்ணி கிடக்கா?"

"இல்லை" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"சுத்தம்" என்றேன். அதன் பிறகுதான் என் டின்னில் ஊற்றினான். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். அவர்களுடைய பெற்றோலை அவன் போத்தலில் ஊற்றவில்லை.