மூன்றாவது பிளக்

அன்புள்ள பாலம்மாளுக்கு, புனேயில் நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. இதை எழுதுவது உன் தம்பி மாயகிருஷ்ணன் இல்லை. பக்கத்து அறை கண்ணபிரான்.

பட்டறையில் நான் புது பிளக்குகளைக் கொடுத்து உன் தம்பியை மாட்டச் சொன்ன கார், சிக்னலில் நின்றால் இன்ஜின் உதறுகிறது என்று திரும்பி வந்தது. ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கினேன். மூன்றாவதைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லை; அந்த பிளக் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கழற்றினால், போன ஆடியில் டாக்டர் வண்டியிலிருந்து எடுத்து நான் குப்பையில் போட்ட, பீங்கான் கீறல் விட்ட பிளக்.

உன் தம்பியைக் கேட்டேன். "புதுச வித்துட்டேன் அத்தான். உங்களுக்கு எங்க தெரியப்போவுதுன்னு நெனச்சேன்" என்றான்.

முதலாளி என்னைத்தான் ஏசினார், பெரிதில்லை. அவன் இப்போது என்னோடு இல்லை; இனி மிளகாய்ப்பொடி ஒரு ஆளுக்கு மட்டும் அனுப்பு. கண்ணபிரானுக்கு வேலைக்கு நேரமாகிறது. உன் தம்பி வாசித்துச் சொன்ன உன் பழைய கடிதங்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இவரை மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டும்.

வன்னியபெருமாள்