பதினைந்து நாள் மெம்பர்

ஊரணிப்பட்டி, சாத்தூர் தாலுகா
விளம்பி வருஷம், ஆவணி 28

கல்கத்தாவில் இருக்கும் அத்தான் அவர்களுக்கு ராமுத்தாய் வணக்கத்துடன் எழுதியது.

அம்மன் புண்ணியத்தில் வீட்டில் எல்லோரும் சுகம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்த பிறகுதான் புதுப்பல் முளைக்குமாம். மயிலைக் காளைக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அங்கே கம்பெனிப் பட்டாசுக்குத் தீபாவளி ஆர்டர் நன்றாக விழுகிறதா? அலைச்சலில் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

இனி ஒரு சமாச்சாரம். கோபப்படாமல் கடைசி வரி வரை படிக்க வேண்டும். பதினைந்து நாள் நான் பஞ்சாயத்து மெம்பராக இருந்தேன்.

சட்டசபையில் புதுப் பஞ்சாயத்து மசோதா வந்திருக்கிறதாம். ஜில்லா போர்டு போய்விடும், பல ஊர்களைச் சேர்த்து யூனியன் வைப்பார்கள், பெண் யாரும் ஜெயிக்காத ஊரில் மெம்பர்களே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மெம்பர் பெத்தணன் மாமா பேப்பரைப் பார்த்து வாசித்தார். மசோதா வேறு, சட்டம் வேறு என்று யாருக்குத் தெரியும்? ஆர்டர் என்று தந்தி வந்தால் மறுநாளே லோடு ஏற்றிப் பழகிய ஊர் இது. நாலு எழுத்துப் படித்தவள் என்று என் பெயரைச் சொல்லி, சாம்பிள் பட்டாசுச் சரத்தையும் கொளுத்திவிட்டார்கள்.

பிரசிடெண்ட் உங்கள் அண்ணன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் எதிரில் நின்று நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூட்டத்தில் எப்படிப் பேசுவேன்? தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, கிளார்க் கண்ணுச்சாமியைப் பார்த்து, “பிரசிடெண்டு அவுகளுக்குச் சொல்லுங்க” என்று ஆரம்பிப்பேன். மூன்று முழத் தூரத்தில் இருக்கும் அவரும் கிளார்க்கைப் பார்த்தே பதில் சொல்வார். திரும்பித் திரும்பிக் கிளார்க்குக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

நான் கேட்டது ஒன்றுதான். நம் காட்டில் களையெடுத்த கீழத்தெரு வேலுத்தாய் இப்போது தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறாள். விடியுமுன் இருட்டில் நடந்து, பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். அந்தத் தெருவில் விளக்கே கிடையாது. உங்கள் அண்ணன் வீட்டு முன்னால் மட்டும் இரண்டு. அதில் ஒன்றைக் கீழத்தெருவில் நட வேண்டும் என்றேன். அவர் முடியாது என்றார். கை தூக்கியபோது இரண்டுக்கு இரண்டு. என் கை மூன்றாவது. மறுநாளே கம்பம் இடம் மாறியது. கோபத்தில் அவர் இரண்டு நாள் நம் வீட்டு மோரைத் தொடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்து, மினிட் புத்தகத்தில் என் பெயரைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டம் இன்னும் நிறைவேறவே இல்லையாம். அது நிறைவேறி எலெக்‌ஷனும் நடந்த பிறகுதான் பெண் மெம்பராம். என் கையும் செல்லாது, தீர்மானமும் செல்லாது என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலுத்தாயின் தெரு மறுபடி இருட்டாகுமே என்றுதான். கொஞ்சம் பதவிக்காகவும்தான், உங்களிடம் என்ன மறைப்பு.

மறுநாள் கம்பத்தைப் பிடுங்க ஆள் வந்தது. வேலுத்தாய் கட்டுப்போட்ட காலோடு வந்து கம்பத்தடியில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்ட ஆரம்பித்தாள். பின்னாலேயே பத்துப் பெண்கள் பசைக் கிண்ணத்தோடு வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நானும் ஓரமாக நின்றேன். உங்கள் அண்ணன் வந்து எல்லோரையும் பார்த்தார். அப்புறம் கிளார்க்கைத் தேடினார். கிளார்க் கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தே சொன்னார்: “கம்பம் அங்கனயே நிக்கட்டும் தாயி. அடுத்த கூட்டத்துல என் கையைத் தூக்கிருதேன். சட்டம் வரட்டும், நீயும் வந்து தூணுக்கு முன்னால உக்காரு.”

தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆனால் நான் மெம்பராக வர, தம்பி உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்கிறார். அதற்காகத்தான் இவ்வளவு நீளக் கடுதாசி.

சம்மதம் என்றால் ஒரு கார்டு போதும். வேண்டாம் என்றால் அதைத் தபாலில் எழுதக் கூடாது. நேரில் வந்துதான் சொல்ல வேண்டும். இரண்டு தீபாவளியாக சீசன், சீசன் என்று வராமலே இருந்துவிட்டீர்கள். மறுப்புச் சொல்லவாவது வாருங்கள் அத்தான். எந்த நேரத்து பஸ்ஸில் வந்திறங்கினாலும் கீழத்தெருவில் வெளிச்சம் இருக்கும்.

அம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
ராமுத்தாய்