செழித்து வளர்ந்த பூந்தொட்டிகள்

மார்ச் 4
சாமான்களை இன்னும் பிரிக்கவில்லை. தங்கை அதற்குள் பத்துத் தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டாள். படிகளுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிக்கென்று சாய்தளம். “நானே போறேன், நானே வரேன். பாருக்கா!” மேலே உள்ளவர்கள் வீட்டைச் சொந்தமாக வாங்கியவர்கள். கட்டியவருக்குக் கூடுதலாக இரண்டு மாடி அனுமதித்த நகராட்சி, பதிலுக்கு எங்களைப் போன்றவர்களுக்குக் குறைந்த வாடகையில் சில வீடுகளை ஒதுக்க வைத்திருக்கிறது. நாளை முதல் அவள் தனியாகவே மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போவாள். எனக்குத்தான் தூக்கம் வராது.

மார்ச் 19
சாய்தளத்தின் மேல்முனையில் ஒரு பூந்தொட்டி. குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மனைவி வைத்தது. வாசல் மொட்டையாக இருக்கிறதாம். நாற்காலி உரசிக்கொண்டு போகிறது. போகிறதே, போதாதா?

ஏப்ரல் 2
நான்கு தொட்டிகள். நாற்காலி நுழையாது. கேட்டேன். “அங்கதாம்மா வெயில் நல்லா வருது. கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்களேன்.” பல்லைக் காட்டிக்கொண்டு, “பரவாயில்லைங்க மேடம்” என்று வந்துவிட்டேன். காவலாளி அண்ணனும் நானும் தங்கையை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினோம். “வழி நம்மளுது. நீ ஏன் விட்டுக்குடுக்கறே?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சண்டைக்காரி என்று பேர் வாங்க வேண்டுமா?

ஏப்ரல் 20
செயலாளரின் மனைவி ஊருக்குப் போகிறார். தொட்டிகளுக்கு நான் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். ஊற்றுகிறேன். நன்றாகத்தான் வளர்கின்றன, சனியன்கள்.

மே 9
நகராட்சி ஆள் ஒருவர் சாய்தளத்தை டேப்பால் அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் செயலாளர். “சும்மா பாக்கறாங்கம்மா.” அவர்கள் போன பிறகு போய்ப் பார்த்தேன். தரையில் சாக்பீஸ் கோடு, இரண்டு கார் நிற்கிற அளவுக்கு.

மே 23
சங்கக் கூட்டம். செயலாளர் சொன்னார்: “கேமராவுல பாத்தாச்சு. ரொம்ப நாளா அந்த ராம்ப்ல ஒருத்தரும் ஏறல. நகராட்சிக்குச் சொல்லி எடுத்துடலாம்.” எழுந்துவிட்டேன். “தொட்டிய வெச்சா எப்படிங்க ஏறுவா?” அவர் சிரித்தார். “தினமும் நீங்கதானேம்மா தண்ணி ஊத்தறீங்க? கேமராவுல அதுவும் இருக்கே.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன்?

ஜூன் 6
காவலாளி அண்ணனை நிறுத்திவிட்டார்கள். கதவுக்கு இனி எண் பூட்டு. தொட்டிகளை நகர்த்தலாம் என்று போனால், சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறது. திருடு போகிறதாம்! தங்கையை நாற்காலியோடு தனியாகவே தூக்கிப் பார்த்தேன். இரண்டாவது படியில் நாற்காலி நழுவியது. தங்கை கத்தவில்லை. என் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளைத் திரும்ப வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். இனி கடைக்கு எப்படிப் போவாள்?

ஜூன் 15
கடையில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 27
நகராட்சியிலிருந்து போன். சாய்தளத்தை எடுக்க அனுமதி கொடுத்தாகிவிட்டது. சாய்தளம் இல்லாத கட்டடத்தில் சக்கர நாற்காலிக்காரருக்கு வீடு ஒதுக்க விதியில் இடமில்லை. “உங்க தங்கச்சி நல்லதுக்குத்தான் சொல்றோம்.” வேற வீடு? “வரிசையில வெச்சிருக்கோம்.”

நாசமாப் போக! யாரைத் திட்ட? நாந்தானே வாளி வாளியா ஊத்தினேன்... நாந்தானே.

ஜூலை 5
லாரி வந்தது. செயலாளரின் மனைவியே சாவியோடு வந்து சங்கிலியை அவிழ்த்து, ஆள் வைத்துத் தொட்டிகளை ஓரமாக நகர்த்தினார். “கட்டில், பீரோ எல்லாம் படியில இறக்க கஷ்டம்ல? ராம்ப் வழியாவே கொண்டுபோங்கம்மா.” கட்டில் போனது, பீரோ போனது. எங்களுக்கு இனிமேல் சித்தப்பா வீடு. இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது.

கடைசியில் தங்கை. தள்ளப் போனேன். “விடுக்கா. நானே போறேன்.”

இறங்கிப் போய்த் தெருவில் நாற்காலியை நிறுத்தி, எனக்காகக் காத்திருந்தாள்.