சின்ன மாமா திருப்பிக் கொடுக்கப் போன ஷூ

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சளி இருமல் எதுவும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். சேதி என்னவென்றால், பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் உன் அம்மா ஓடி முடித்துவிட்டாள்! ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்றாவது. பேக்கரி அடுப்பே கதி என்று நின்ற கால், கடைசித் திருப்பத்தில் என்னைவிட இளையவள் ஒருத்தியைத் தாண்டியது. கத்திக் கத்தி அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, வீடு நிம்மதியாக இருக்கிறது.

இனிமேல்தான் கூத்து. ஷூ வாங்கிய பெரிய கடையில், பிடிக்கவில்லை என்றால் ஒரு வருடத்துக்குள் எப்போது கொண்டுபோனாலும் மறுபேச்சில்லாமல் பணம் தருவார்கள். உன் சின்ன மாமாவுக்கு அது மாமியார் வீடு மாதிரி, துளை போடும் மிஷின், கூடாரம் எல்லாம் வாங்கி, தன் வேலை முடிந்ததும் திருப்பிவிடுவான். அடி தேய்ந்த என் ஷூவைப் பார்த்ததும் "ஓடியாச்சுல்ல, குடுத்துட்டுப் புதுசு வாங்கிக்கக்கா" என்றான். மாட்டேன் என்றேன். நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவனே பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். அப்பா அந்தக் கம்மிய குரலில் போன் செய்து சொன்னதும், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கடைக்கு ஓடினேன், பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லை. அங்கே கவுண்டரில் இருந்த பெண் "என்ன குறைங்க?" என்று கேட்க, இவன் கூசாமல் "காலைக் கடிக்குதாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் மூச்சிரைக்க, "பொய்ம்மா அது! இதைப் போட்டுத்தான் பத்துக் கிலோமீட்டர் ஓடினேன், ஒரு கொப்புளம் கிடையாது, குடு என் ஷூவை" என்றேன். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள், வரிசையில் நின்ற ஒருவர் கைதட்டினார். மாமா முகத்தில் ஈயாடவில்லை. இன்னொரு பையில் ஒரு மாதம் பழம் பிழிந்த ஜூஸ் மிஷின் வைத்திருந்தான், அதைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தான். வழியெல்லாம் "பெரிய கடைக்கா, அவங்களுக்கு இது கால் தூசு" என்று முனகல். "கடை பெருசுங்கறதால பொய் சின்னதாயிடுமாடா?" என்றேன்.

போன மழையில் ஜிப் அறுந்த மழைக்கோட்டைத் தலைநிமிர்ந்து திருப்பிக் கொடுத்தவள்தான் நான், குறை இருந்தால் விடமாட்டேன். ஆனால் பிடிக்கவில்லை என்ற நம் ஒரு சொல்லை நம்பித்தானே அவர்கள் பணம் தருகிறார்கள், அந்தச் சொல்லாவது மெய்யாக இருக்க வேண்டாமா?

நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி நீ நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, விலைச்சீட்டை உள்ளே மடித்துக்கொண்டு போடுகிறேன், குளிர் போனதும் திருப்பிவிடுவேன் என்று போனில் சொன்னாயே ஒரு கோட்டு, கத்தரிக்கோலை எடு, சீட்டை வெட்டு.

உன் அம்மா