இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனவளுக்கு

எடியே,

சமையலறைத் தொட்டிக்குள் காய்ந்த சோள மடல் ஊறிக்கொண்டிருக்கிறது. நனைந்த வைக்கோல் மாதிரி ஒரு மணம் வீடு முழுக்க. நீ என் வீட்டில் மறந்துவிட்டதாய் நடித்து வைத்துவிட்டுப் போன பைதான். ஓராண்டுக்கு மேலாக அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தது. கண்ணில் படும்போதெல்லாம் தூக்கிக் குப்பையில் போடக் கை போகும். போடவில்லை. இன்று காலை பையைக் கிழித்துச் சுடுதண்ணீரில் கொட்டினேன். கொட்டும்போதே உன்னை ஏசத் தொடங்கினேன், இன்னும் முடியவில்லை. அதனால்தான் மிச்சத்தைக் கடதாசியில் எழுதுகிறேன்.

பின்னேரம் முப்பது பேர் வருகிறார்கள். ஓம், என் வீட்டுக்குத்தான். நீ கேட்டு நான் ஏலாது என்று சொன்ன அதே விருந்து. மெக்சிக்கோக்காரர் யேசு பிறப்புக்கு வைக்கிற நத்தார் விருந்து, மொன்றியலில், ஒரு யாழ்ப்பாணத்துச் சைவசமயக்காரியின் வீட்டில். சிரி, நல்லாய்ச் சிரி.

உன் மகள் றொசானி நேற்று லவாலில் ஒரு கடைக்குப் போய் அலங்காரச் சாமான் வாங்கி வந்தாள். அகலத் தொப்பி பத்து, ஒட்டுகிற மீசை ஒரு பெட்டி. எனக்கு வந்ததே கோபம். "பிள்ளை, மெக்சிக்கோக்காரி லூப்பேயை உனக்கு எத்தினை வருசமாய்த் தெரியும்? ஒரு நாளாவது மீசை வைச்சுக்கொண்டு வந்தவளோ?" என்று கேட்டேன். பாவம், முகம் சுருங்கிப் போனாள். தொப்பியும் மீசையும் குளிருடுப்பு அலுமாரிக்குள் போய்விட்டன. ஏழு முனைக் கடதாசி நட்சத்திரத்தை மட்டும் விட்டுவைத்தேன். உள்ளே இனிப்பு நிரப்பிப் பிள்ளைகள் தடியால் அடித்து உடைக்க, ஆண்டுதோறும் நீ செய்வாயே, அது. அவள் தானே ஒட்டியிருக்கிறாள். உன்னைப்போலவே பசையை அளவில்லாமல் அப்பியிருக்கிறாள்.

நாங்கள் இந்த விருந்துக்குள் வந்து விழுந்த கதையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பிரெஞ்சு வகுப்பில் மூன்று பேரும் ஒரே வாங்கு, நீ, நான், மெக்சிக்கோவிலிருந்து வந்த லூப்பே. மூவருக்கும் சேர்த்து முப்பது சொல்தான் தெரியும். அந்த முப்பதை வைத்துக்கொண்டு அவள் எங்களை நத்தாருக்கு அழைத்தாள். செயின்ட்-மிஷேலில் அவளுக்கு மாடிவீடு. நாங்கள் பிந்திப்போய்ச் சேர்ந்தோம், வடைச் சட்டி என் கையில். வெளியே இரும்புப் படியில் இருபது பேர் மெழுகுதிரியோடு நின்று பாடினார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் அதட்டலாய்த் திருப்பிப் பாடியது. எங்களுக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் 'நோ' விளங்கியது. திரும்பவும் பாடினார்கள். திரும்பவும் 'நோ'.

நீ என் முழங்கையைப் பிடித்து இழுத்தாய். வீட்டுக்காரனுக்கு விருப்பமில்லைப் போல, நாங்கள் நின்றால் லூப்பேக்குக் கரைச்சல் வரும் என்றாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. சத்தமில்லாமல் நழுவி மெற்றோ வாசல் வரைக்கும் போய்விட்டோம். லூப்பே வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடிவந்து பிடித்தாள்.

அது ஒரு வழக்கம் என்று கையாலும் காலாலும் விளங்கப்படுத்தினாள். சூசையப்பரும் மாதாவும் தங்க இடம் கேட்டு அலைந்ததை நடித்துக் காட்டுவார்களாம். வெளியில் நிற்பவர்கள் மூன்று தரம் கேட்க வேண்டும். இரண்டு தரம் இல்லை என்பார்கள். மூன்றாம் தரம் கதவு திறக்கும். நீ நடுத்தெருவில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "எங்களுக்கு ஒருக்கா இல்லையெண்டு சொன்னாலே விளங்கிப்போகுமடி. எத்தினை விசாக் கந்தோர் வாசல்ல நிண்டு வந்தனாங்கள்" என்றாய். நீ வேதக்காரி, யேசு மாட்டுக்கொட்டிலில் பிறந்த கதையைச் சின்னதிலிருந்தே கேட்டவள். நீயே ஓடினாயே என்று அதற்குப் பிறகு நான் பகிடி பண்ணாத நத்தார் இல்லை.

அடுத்த ஆண்டே விருந்து உன் வீட்டுக்கு வந்துவிட்டது. சோளமாவுக்குள் இறைச்சி வைத்து, மடலில் பொதிந்து அவிக்கும் தமாலேயை லூப்பே பழக்கினாள். நீ அதற்குள் எங்களுடைய கோழிக்கறியை வைத்து, இடியப்பம் அவிக்கிற பானையில் அவித்தாய். முதல் வருடம் லூப்பே முகத்தைச் சுளித்தாள். மறு வருடம் கறித்தூள் கேட்டு வாங்கிப் போனாள். வெளியில் நின்று பாடுகிறவர்களுக்கு நீ தலைவி. உள்ளே நின்று துரத்துகிற வேலை எனக்கு. ஒரு சொல் ஸ்பானிய மொழி தெரியாமல், "இடமில்லை, போங்கோ" என்று தமிழில் கத்துவேன். அதட்டுகிற குரல் எனக்குத்தான் பொருத்தம் என்று நீதான் அந்த வேலையைத் தந்தாய். பதினைந்து வருடம் கத்தினேன்.

பிறகு போன வருடம் செப்ரெம்பரில் வந்தாய். "இந்த முறை உன்ர வீட்டில வைப்பமே?" என்றாய். ஏன், உன்ர வீட்டுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். சும்மாதான், ஒரு மாற்றத்துக்கு என்றாய். என் வீடு சின்னது, ஏலாது என்றேன். அன்றைக்கு உன்னைப் பார்த்து மெலிந்து வடிவாய் வந்திருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று வேறு கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு கீரை என்றாய். கீரை!

ஒக்ரோபரில் சோள மடல் பையையும் தூக்கிக்கொண்டு வந்தாய். திரும்பவும் அதே கேள்வி. அந்தக் கிழமைதான் கூடத்துத் தரைக்குப் புதுப் பலகை போட்டு முடித்திருந்தேன். முப்பது பேர் பனிச் சப்பாத்தோடு ஏறினால் என் பலகை என்னத்துக்காகும் என்று நன்றாகவே சத்தம் போட்டேன். நீ குனிந்து அந்தப் பலகையைக் கையால் தடவிப் பார்த்தாய். வடிவாய்க் கிடக்கு என்றாய். போனாய். பையை விட்டுவிட்டுப் போனாய்.

நவம்பர் கடைசியில் நீ செத்துப்போனாய். ஓகஸ்டிலேயே உனக்குத் தெரியுமாம். உன் கணவருக்கும் றொசானிக்கும் தெரியுமாம், வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாயாம். அதையாவது பொறுக்கலாம். லூப்பேக்கும் தெரியுமாம்! என்னோடு இத்தனை வருடம் தமிழில் வாய் ஓயாமல் கதைத்தவள், சாகப்போகிறதை மட்டும் உடைந்த பிரெஞ்சில் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய். உன்னைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் அவள்தான் என் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நத்தாருக்கு நீ இருக்கமாட்டாய் என்று உனக்குத் தெரிந்திருந்ததாம். விருந்தை என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகத்தான் வந்தாயாம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, நீ அவளிடம் சொன்னதையே சொன்னாள். "வீட்டில எல்லாரும் இப்ப என்னோட மெதுவாய்த்தான் கதைக்கினம். அவளுக்குச் சொன்னால் அவளும் சண்டை பிடிக்கிறதை நிப்பாட்டிப்போடுவாள்."

எனக்கு அழுகை வரவில்லை. பெட்டிக்குள் கிடந்த உன்னை எழுப்பிக் கன்னத்தில் ஒன்று போட வேண்டும் என்றுதான் வந்தது. உனக்குச் சண்டை வேண்டும், சரி. எனக்கு என்ன வேண்டும் என்று நினைத்தாயா? சொல்லியிருந்தால் பலகையை நானே பிடுங்கி எறிந்திருப்பேன். நவம்பரிலேயே நத்தார் வைத்திருப்பேன். மூன்று தரம் கேட்க வேண்டும் என்ற விதி உனக்குத் தெரியும். பதினைந்து வருடம் நீதானே வெளியில் நின்று கேட்டாய். பிறகு ஏன் இரண்டு தரத்தோடு திரும்பிப் போனாய்? அன்றைக்கு லூப்பே வீட்டுப் படியில் என் கையை இழுத்துக்கொண்டு போனாயே, அதே மாதிரி. உன்னைப் பிடிக்கச் செருப்போடு ஓடிவர நான் மறந்துபோனேன். அதுவும் எனக்குத் தெரியும். உன்னை ஏசுகிற அளவுக்கு என்னையும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மடல் ஊறிவிட்டது. போய் மாப் பிசைய வேண்டும்.

*

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வந்து போய்விட்டார்கள். தமாலே ஒன்றும் மிஞ்சவில்லை. கறிக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போனது, ஒருவரும் சொல்லவில்லை, நீ என்றால் சொல்லியிருப்பாய்.

உன் இடத்தில் லூப்பே நின்று பாடினாள். றொசானி என்னோடு உள்ளே நின்றாள். முதல் தரம் கேட்டார்கள். "இடமில்லை, போங்கோ" என்று கத்தினேன், குரல் நன்றாகத்தான் வந்தது. வெளியில் சிரித்தார்கள். இரண்டாம் தரம் கேட்டார்கள். வாயைத் திறந்தேன். றொசானி என்னைப் பார்த்தாள். நீ பலகையைத் தடவிக்கொண்டு குனிந்து நின்றதுதான் எனக்கு முன்னால் தெரிந்தது. கொளுவியைத் தட்டிக் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

பாட்டு நடுவில் நின்றுபோனது. மெழுகுதிரியும் கையுமாய் முப்பது பேர் முழுசிக்கொண்டு நின்றார்கள். "அன்ரி, இன்னும் ஒருக்காக் கேக்க வேணும்" என்று றொசானி மெல்லச் சொன்னாள்.

"கேட்டது காணும், இனிக் கேக்கத் தேவையில்லை," என்றேன். "சப்பாத்தைக் கழட்டாதேங்கோ. அப்பிடியே உள்ளுக்கு வாங்கோ."

வந்தார்கள். முப்பது சோடிச் சப்பாத்து, பனியும் உப்பும் சேறுமாய். காலையில் கூட்டித் துடைத்தபோது பார்த்தேன், வாசலிலிருந்து கூடத்து நடு வரைக்கும் பலகையில் நீளமாய் ஒரு கீறல். ஆள் பிடித்து மினுக்கித் தருகிறேன் என்றாள் றொசானி. நான் விடவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். படும்போதெல்லாம் உன்னோடு ஒரு சண்டை பிடிப்பேன். மெதுவாய் எல்லாம் கதைக்கமாட்டேன்.