அழிக்கச் சொன்ன படம்

பிரியமுள்ள ஜமீலாக்காவுக்கு,

"உள்ளே இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவேன் இல்லையா, இப்போதும் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எதிரே உங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். அடுத்த மாதம் வேறு யாரோ குடி வருகிறார்களாம். இரண்டாயிரம் பிறக்கப்போகிறது என்று உக்கடம் முழுக்க ஒரே பேச்சு. எனக்கு அந்த வெள்ளையடித்த சுவரைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்லியிருந்தால் நாலு நாள் பேசாமல் இருந்திருப்பீர்கள். அந்தக் கேமராவில் நீங்கள் அழிக்கச் சொன்ன படத்தை நான் அழிக்கவில்லை.

கேமரா வந்த நாள் நினைவிருக்கிறதா? துபாயில் இருக்கும் உங்கள் மகள் நஸீமா, ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தாள். அங்கே கடையில் இருந்ததிலேயே விலை குறைந்ததாம். ஃபிலிம் வேண்டாம், கழுவ வேண்டாம், எடுத்த படம் அப்போதே பின்னால் தெரியும் என்று எழுதியிருந்தாள். கடைசி வரியில், "உன் மொகத்தை எடுத்து வெய்யிம்மா, பாக்கோணும்" என்று இருந்தது. நீங்கள் அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னீர்கள். படித்து முடித்ததும், "மொகம் கெடக்குது. அம்மணி, இதுல ஜமக்காளத்தை எடுத்தா எப்படி இருக்கும்?" என்றீர்கள்.

பதினோரு வருடம் நாம் இரண்டு பேரும் பவானியிலிருந்து ஜமக்காளம் வாங்கிவந்து கோயமுத்தூரில் வீடு வீடாக விற்றவர்கள். ஜமக்காளக் கட்டைச் சுமந்து சுமந்து உங்கள் வலது தோள் இறங்கியே போயிருந்தது. உங்களுக்கு அந்தக் கேமரா ஒரு சுமை கூலிக்காரனாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன? படத்தைக் காட்டிக் கேட்டு, வேண்டியதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் போதுமே.

நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்கிறேன், இத்தனை நாள் வைத்திருந்தவள் என்ற முறையில். கைக்கு அடக்கம், இடுப்பில் செருகிக்கொள்ளலாம். இருபது படம் பிடிக்கும். ஆனால் பேட்டரி! நாலு பென்சில் பேட்டரி போட்டால் ஒரு தெருவைத் தாண்டாது. ஒரு படம் எடுத்தால் அதை விழுங்கி முடிக்க எட்டு எண்ண வேண்டும். பின்னால் இருக்கும் கண்ணாடி தீப்பெட்டி அளவு. வெயிலில் ஒன்றும் தெரியாது. நான் பித்தானை அழுத்த, நீங்கள் முந்தானையை விரித்து நிழல் பிடிப்பீர்கள். வாங்க வருகிற அம்மாக்கள் அந்த நிழலுக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பார்கள். "டிவியாட்டமே இருக்குதுங்களே" என்று ஆச்சரியப்படுவார்கள்.

சிவப்பு மட்டும் அதற்கு வரவே வராது, ஆரஞ்சாகத்தான் விழும். ரேஸ்கோர்ஸ் டாக்டரம்மா படத்தைப் பார்த்துச் சொல்லிவைத்து, கொண்டுபோய்க் கொடுத்ததும் முகத்தைச் சுளித்தார்கள். "நான் ஆரஞ்சுல்லங்க கேட்டேன்?"

"கேமராவுக்குக் கண்ணு மங்கலுங்க. எனக்கு நல்லாத் தெரியும், இதுதானுங்க உங்க ஊட்டுக்கு எடுப்பா இருக்கும்" என்றீர்கள். அவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். அப்படிப் பேச எனக்கு இன்றைக்கும் வரவில்லை.

அந்த ஐப்பசியில்தான் நீங்கள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்திருக்க ஆரம்பித்தீர்கள். கார்த்திகையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட வந்தேன். வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "நஸீமாவுக்குத் தெரியக்கூடாது." அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முந்தி இரண்டு தடவை தங்காமல் போனது. "கேட்டா ஒரு நிமிசம் அங்கே இருக்க மாட்டா. ப்ளேன் ஏறிருவா. அவ பெத்துப் பொழைக்கட்டும், அப்பறம் நானே சொல்லிக்கறேன்" என்றீர்கள். என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்கள்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மளிகைக்கடைப் போனுக்கு அவள் கூப்பிடுவாள். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நல்லாயிருக்கேன் கண்ணு என்பீர்கள். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டுவீர்கள். நானும், "அம்மாவுக்கென்ன கண்ணு, ஜோரா இருக்கறாங்க" என்பேன். எத்தனை வெள்ளிக்கிழமை அப்படிச் சொன்னேன் அக்கா?

அந்தப் படம் மார்கழியில் எடுத்தது. பச்சைக் கரை போட்ட ஜமக்காளத்தை நீங்கள் விரித்துப் பிடித்திருந்தீர்கள். முழுசும் அடங்க வேண்டும் என்று நான் பின்னாலேயே நகர்ந்து கட்டில் இடறித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் ஜமக்காளத்தைக் கீழே போட்டுவிட்டு, முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் சிரித்தீர்கள். எழுந்திருக்கப் பார்த்த வேகத்தில் என் விரல் பித்தானை அழுத்திவிட்டது. எட்டு எண்ணினோம். படம் வந்தது. சிரிப்பு நின்றது.

காறை எலும்பு துருத்திக்கொண்டு, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிசாக. கண்ணாடியில் தினம் பார்க்கிற முகம்தான். ஆனால் கேமராவில் பார்த்ததும் நீங்கள் நழுவிய முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டீர்கள். "இதைப் பாத்தாப் போதும், அவளுக்கு வேறெதும் சொல்ல வேண்டியதில்லை. அழிச்சுபோடு அம்மணி."

"அழிச்சுபோட்டேங்கக்கா" என்றேன். அழிக்கிற பித்தானில் கட்டைவிரலை வைத்தேன். நிஜமாகவே அழிப்பதா என்று அது ஒரு தடவை திருப்பிக் கேட்கும். அங்கேயே நிறுத்திவிட்டேன். பதினோரு வருடத்தில் உங்களுக்குச் சொன்ன ஒரே பொய் அதுதான்.

மாசியில் போய்விட்டீர்கள். எட்டாம் மாதத்தில் நஸீமாவை விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்களாம். உங்கள் வீட்டில் சொந்தக்காரப் பெண்கள் சூழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ஓர் அம்மா, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். என்ன சொல்வது? "எதிர்வீடுங்க" என்றேன். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார எனக்குத்தான் முடியவில்லை.

என் வீட்டுக்காரர் போனபோது எனக்குத் துக்கம் கேட்க ஊரே வந்தது. உங்களுக்காக என்னிடம் யாரும் துக்கம் கேட்கவில்லை அக்கா. பவானி பஸ்ஸில் கண்டக்டர் மட்டும், "கூட வர்ற அம்மா வரலீங்களா?" என்றார். இல்லைங்க என்றேன். அவர் ஒரே ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது கேமராவை ஒரு கையில் பிடித்து இன்னொரு கையால் நிழல் கட்டிவிடுவேன். பித்தானை அழுத்தத்தான் கை இல்லை. அதனால் பழையபடி ஜமக்காளக் கட்டையே சுமக்கிறேன்.

போன மாதம் நஸீமா வந்தாள். உங்கள் பேத்திக்கு ஐந்து மாதம் முடிந்து ஆறு நடக்கிறது. நல்ல கனம். நஸீமா பூட்டின வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு நேரே என்னிடம்தான் வந்தாள்.

"சின்னம்மா, அம்மா படம் ஒண்ணுகூட இல்லைங்களா? அந்தக் கேமராவுல ஒண்ணாச்சும் எடுத்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் உங்களுக்குக் கொடுத்த வாக்காவது பாதி மிஞ்சியிருக்கும். குழந்தை கேமராவின் கயிற்றைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. நான் பேட்டரி போட்டு, கதவைச் சாத்தி இருட்டாக்கி, அந்தப் படத்தை எடுத்து நீட்டினேன்.

அவள் பார்த்தாள். தூரமாக வைத்தும், கிட்டே வைத்தும் பார்த்தாள். "இது எப்ப எடுத்தது?" என்றாள்.

"மார்கழியிலங்க கண்ணு."

"மார்கழியில நீங்க என்ன சொன்னீங்க? ஜோரா இருக்கறாங்கன்னு சொன்னீங்க." குரல் உயரவில்லை. "அம்மா சொல்லாது, அது அப்படித்தான். நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமில்லைங்களா? அஞ்சாம் மாசத்துல நான் வந்திருப்பேனே."

சத்தியம் வாங்கினார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் மேல் பழியைப் போட்டுத் தப்பிப்பது போல இருந்தது. டீ வைத்துக் கொடுத்தேன். வைத்த டீ ஆடை கட்டியது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாள். எதிரே சன்னல் திறக்கும், மூடும். குழந்தை அழும் சத்தம் கேட்கும். நான் போகவில்லை. நீங்கள் போன அன்றைக்குக்கூட நான் அத்தனை தனியாக இல்லை அக்கா.

நாலாம் நாள் காலையில் அவளே வந்தாள். கண் வீங்கியிருந்தது. "வாங்க சின்னம்மா, அந்தப் படத்தைக் காயிதத்துல எடுக்கோணும்" என்றாள். காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த பெண் கேமராப் பெட்டியோடு வந்த ஒயரை மாட்டி, ஏதேதோ தட்டி, அரைமணி நேரம் போராடினாள். முதலில் வரிசையாக ஜமக்காளமாக வந்தது. கடைசியில் நீங்கள் வந்தீர்கள்.

படம் நன்றாக இல்லைதான். கிட்டே பிடித்தால் கட்டம் கட்டமாக உடைகிறது. கை நீட்டித் தள்ளிப் பிடித்தால் சிரிக்கிறீர்கள். நஸீமா ரொம்ப நேரம் கையை நீட்டியே வைத்திருந்தாள். "அம்மா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லைங்க. யாரைப் பாத்துச் சிரிக்குது?"

"நான் கீழே உழுந்ததைப் பாத்து" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்தக் கம்ப்யூட்டர் பெண் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். "காயிதத்துல வந்திருச்சு. இனி அழிச்சுபோடட்டுங்களா? அம்மா சொன்னதை நான் கேக்கலை."

"வெச்சுக்குங்க சின்னம்மா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்." கொஞ்ச தூரம் போனதும் என் கையைப் பிடித்தாள். "ஆனா உங்களுக்கு ஒண்ணுன்னா எங்கிட்ட மறைக்கக்கூடாது. அம்மா விசயத்துல எனக்குச் செஞ்சதை இன்னொருக்காச் செய்யாதீங்க."

இந்த வயதில் எனக்கு ஒன்று என்றால் கேட்க ஆள் இருக்கிறது என்று அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் நேற்று ப்ளேன் ஏறிவிட்டாள்.

அவளிடம் வாயால் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். கால் வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும், அதைவிடப் பெரிதாக எது வந்தாலும், உங்கள் மகளுக்கு முதல் கடிதம் என்னிடமிருந்து போகும். நல்லாயிருக்கேன் என்று எழுதினால் நிஜமாகவே நல்லாயிருப்பேன். நீங்களே வந்து சத்தியம் கேட்டாலும் இனி மறைக்க மாட்டேன்.

எதிர்வீட்டுக்காரி இல்லைங்க,
உங்கள் தங்கச்சி
ருக்மணி