வளைந்த குழாய்

பாக்கியமேரிக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஆபீஸ் கோட்டில் முடி ஒட்டியதென்று புருஷன் ஆரோக்கியநாதன் நேற்று சடைநாய் டைகரைப் பிரம்பால் விளாசியபோது, குறுக்கே நீட்டிய கை அது. அவன் இன்னும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவள் இடக்கையால், காகிதம் கிழியும்படி அழுத்தி எழுதினாள்:

“இங்க பாருங்க, நெத்திக் கட்டை அவுக்காதீங்க, மறுபடி ரத்தம் வரும். சோறு அடுப்படியில மூடியிருக்கு. பத்து மணிக்கு ஏஜெண்டு வருவாரு. பாக்கக் குடுத்துட்டுப் போன ரெண்டு தூசி உறிஞ்சுற கரண்டு மெஷின்ல, அடியில பிரஷ் சுத்துதே, அதை வாங்குங்க. ஜமுக்காளத்துல அப்பின நாய்முடி அதுக்குத்தான் வருது. மத்தது தூசியை மட்டுந்தான் இழுக்குது. அந்த மத்ததோட இரும்புக் குழாய் ஏன் வளைஞ்சிருக்குன்னு கேப்பாரு. உங்க மண்டையில நான் போட்டதுன்னு சொல்லுங்க. கூச்சமா இருந்தா கட்டைக் காமிங்க, புரிஞ்சுக்குவாரு.”

டைகரைப் பழஞ்சேலையில் சுற்றித் தோளில் போட்டாள். முறிந்த பின்னங்கால் தொங்கியது, அது முனகியது. வாசல்வரை போனவள் திரும்பி வந்து காகிதத்தின் அடியில் இடுக்கி எழுதினாள்:

“டைகரைக் காளவாசல் மாட்டு வைத்தியர்கிட்டத் தூக்கிட்டுப் போறேன். கால் கூடுச்சுன்னா ரெண்டு பேரும் வாரோம். கூடலைன்னா நான் மட்டும் வருவேன். அன்னிக்குக் கதவைத் தாப்பாப் போட்டுக்கங்க.”

அப்புறமும் ஆறவில்லை. ஓரத்தில் குறுக்காக எழுதினாள்:

“பிரம்பைத் தேடாதீங்க. அதை முறிச்சு அடுப்புல வச்சுத்தான் உங்களுக்குச் சோறு வடிச்சேன்.”